புள்ளலூர், நவாபின் ஏஜென்ட், பன்றி மேய்க்கும் பையன்

வேல்ஸ் நாட்டுப் பழங்கதைகளை வைத்து அமெரிக்கர் ஒருவர் எழுதின இளையோர் ஃபேண்டஸி தொடருக்கும், காஞ்சிபுரம் மாவட்டத்துப் புள்ளலூருக்கும் என்ன சம்பந்தம்? நேரடியா ஒண்ணும் கிடையாது. ஆனா ‘கெல்டிக் புராணம்’ என்கிற சரக்கு உலகச் சந்தைக்கு எப்படி வந்தது என்று தேடிக்கொண்டு போனால், வழியில் ஆற்காட்டு நவாப் வருகிறார், பெரம்பாக்கம் வருகிறது, புள்ளலூர் வருகிறது. அதே ஊரில் இன்னும் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் கல்கி நிற்கிறார். பழங்கதையை எடுத்துப் புதுக்கதை செய்கிறவர்கள் எதையெல்லாம் மாற்றலாம், மாற்றினது வாசகனுக்குத் தெரியணுமா வேண்டாமா என்பது எனக்கு ரொம்ப நாளாக இருக்கிற கேள்வி. அதற்கு இந்த வழியில் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்குது.

முதல்ல கெல்டிக்னா என்னன்னு பார்த்துடுவோம். அயர்லாந்து, ஸ்காட்லாந்தின் மலைநாடான ஹைலாண்ட்ஸ், வேல்ஸ், கார்ன்வால், பிரான்சில் பிரிட்டனி. இங்கே பேசப்பட்ட மொழிகள் எல்லாம் ஒரே குடும்பம் என்று 1707ல் எட்வர்ட் லூயிட் என்ற வேல்ஸ்காரர் புத்தகம் போட்டுக் காட்டினார். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே குடும்பம் என்று சென்னையில் எல்லிஸ் 1816ல் எழுதினாரே, அந்த மாதிரி வேலை. மொழிகளுக்கு வைத்த பெயர் பிறகு மக்களுக்கும், அவர்கள் கதைகளுக்கும் பெயராகிவிட்டது. நமக்கும் அந்த அனுபவம் உண்டு என்பதால் இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கதைகளை உலகம் முழுக்கக் கொண்டுபோன முதல் ஆள் ஜேம்ஸ் மேக்பெர்சன். ஹைலாண்ட்ஸ்காரர், கேலிக் மொழி பேசும் ஊரில் வளர்ந்தவர். 1760ல் சில பாடல் துணுக்குகளை வெளியிட்டார். அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் ‘ஃபிங்கல்’, ‘டெமோரா’ என்று இரண்டு காவியங்கள். எல்லாம் கண் தெரியாத முதுபெரும் பாணன் ஓசியன் 3ஆம் நூற்றாண்டு வாக்கில் கேலிக்கில் பாடினவை, தான் மொழிபெயர்த்தது மட்டும்தான் என்று சொன்னார். ஐரோப்பா அப்படியே விழுந்தது. கதே தன் ‘வெர்தர்’ நாவலில் ஓசியனைச் சேர்த்தார். நெப்போலியனுக்கு ஓசியன்னா உயிர். அவன் ஞானப்பிள்ளைக்கு வைத்த ஆஸ்கர் என்ற பெயர் ஓசியன் கதையிலிருந்து எடுத்தது, அந்தப் பிள்ளை பிறகு ஸ்வீடன் ராஜாவானான். ஃபியோனா, மால்வினா என்ற பெண் பெயர்கள் எல்லாம் மேக்பெர்சன் புத்தகத்திலிருந்து கிளம்பினவைதான். நம்ம ஊரில் வந்தியத்தேவன், குந்தவை என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பதற்கு இருநூறு வருஷம் முந்தின கதை இது.

லண்டனில் சாமுவேல் ஜான்சன் மட்டும் நம்பவில்லை. பழைய ஏட்டைக் காட்டு என்றார். மேக்பெர்சன் காட்டவில்லை, மிரட்டி ஒரு கடிதம் எழுதினார். கிழவர் ஜான்சன் தலைமாட்டில் ஒரு தடிக்கம்பை வைத்துக்கொண்டு படுத்தார் என்பார்கள்.

இனிதான் நம்ம பக்கம் வருது. ஜேம்ஸின் உறவுக்காரர் ஜான் மேக்பெர்சன் 1760களின் கடைசியில் கப்பலில் சென்னைக்கு வந்தார். இவருடைய அப்பா ஸ்கை தீவில் பாதிரியார், கெல்டிக் பழமை பற்றி ஆராய்ச்சி எழுதினவர். ஜான் ஆற்காட்டு நவாப் முகமது அலியைச் சந்திக்க ஒரு உபாயம் செய்தார். மின்சார வேடிக்கையும் மாய விளக்குப் படமும் காட்டுகிறேன் என்று சொல்லி உள்ளே போனார். உள்ளே போனதும் நவாபுக்கு லண்டனில் ஆள் பார்க்கும் வேலையை வாங்கிக்கொண்டார். (பின்னாளில், 1785ல், இதே ஜான் வங்காளத்தில் தற்காலிக கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். மாய விளக்கு நல்லா வேலை செஞ்சிருக்கு.) அவருக்குப் பிறகு நவாபின் லண்டன் ஏஜென்ட் யார்? ஓசியன் புகழ் ஜேம்ஸ் மேக்பெர்சன். 1779ல் கம்பெனியைத் தாக்கியும் நவாபைத் தாங்கியும் லண்டனில் வெளியான ஒரு புத்தகம் இவர் கைவேலை என்றுதான் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1780ல் பார்லிமென்ட் உறுப்பினரும் ஆனார்.

நவாபிடம் ஏது காசு? கம்பெனி உத்தியோகஸ்தர்களிடம் வட்டிக்குக் கடன், அதற்கு ஈடு கர்நாடகத்து நிலவரி. காஞ்சிபுரம் சுற்றின செங்கல்பட்டுச் சீமையை நவாப் 1763ல் கம்பெனிக்கு ஜாகீராக எழுதிக்கொடுத்துவிட்டு, அதையே திரும்பக் குத்தகைக்கு எடுத்து 1780 வரை வசூல் பண்ணிக்கொண்டிருந்தார். அதாவது புள்ளலூர் மாதிரி ஊர்களில் குடியானவன் களத்துமேட்டில் அளந்து கொடுத்த நெல்லில் ஏதோ ஒரு பங்கு சுற்றிச் சுற்றி லண்டன் போய், கெல்டிக் காவிய கர்த்தாவின் சம்பளமாகியிருக்கிறது. மேக்பெர்சன் கடைசியில் ஹைலாண்ட்ஸில் பெரிய மாளிகை கட்டினார். செத்தபிறகு வெஸ்ட்மின்ஸ்டர் ஆபேயில் புதைக்கப்பட்டார், அதுவும் சொந்தச் செலவில்.

அதே 1780. ஜூலையில் ஹைதர் அலி கர்நாடகத்துக்குள் இறங்குகிறார். காஞ்சியில் ஹெக்டர் மன்றோவின் படை நிற்கிறது. வடக்கேயிருந்து அதோடு சேர வந்துகொண்டிருந்த கர்னல் வில்லியம் பெய்லியின் படையை செப்டம்பர் 6ந் தேதி பெரம்பாக்கத்துக்கிட்ட திப்பு மறிக்கிறார். மன்றோ உதவிக்கு ஆள் அனுப்புகிறார். அதில் 73ஆம் ஹைலாண்டர் ரெஜிமென்ட்டின் இரண்டு கம்பெனிகள் இருந்தன. அந்த வருஷம் ஜனவரியில்தான் சென்னையில் வந்து இறங்கின பட்டாளம். செப்டம்பர் 10 காலையில் புள்ளலூரில் மொத்தமும் சிக்கிக்கொண்டது. சுமார் 3,800 பேர் கொண்ட படை. மைசூர் ராக்கெட்டும் பீரங்கியும் விழ, வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. பெரும்பாலோர் செத்தார்கள் அல்லது பிடிபட்டார்கள். படையில் பெரும்பங்கு நம்மூர் சிப்பாய்கள் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும், ஏன்னா நினைவுச் சின்னங்களில் அது இருக்காது. பெய்லி இன்வர்னஸ் பக்கத்துக்காரர். ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் 1782 நவம்பரில் இறந்தார். மன்றோவும் ஹைலாண்ட்ஸ்காரர்தான். அவர் காஞ்சியில் பெரிய பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார்.

ஓசியன் பாட்டுக்களில் மூடுபனியும், செத்த வீரனுக்காக யாழ் வாசிக்கிற கிழவனும் பக்கத்துக்குப் பக்கம் வருவார்கள். நிஜமான கேலிக் பேசுகிற பையன்கள் புள்ளலூர் வெயிலில் விழுந்தபோது அதை யாரும் காவியமாக்கவில்லை. திப்புதான் ஆக்கினார், சுவரில். ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகைச் சுவர் முழுக்க இந்தச் சண்டைதான். பல்லக்கில் பெய்லி, குதிரைமேல் ரோஜாப்பூவோடு திப்பு. அந்த ஓவியத்தின் காகிதப் பிரதி ஒன்று 2022ல் லண்டனில் 6,30,000 பவுனுக்கு ஏலம் போனது. புள்ளலூரில் அடுத்த வருஷம், 1781 ஆகஸ்ட் 27ல், இன்னொரு சண்டை நடந்தது. அதில் செத்த இரண்டு கம்பெனி அதிகாரிகளுக்கான கல்தூண்கள் ஊரில் நிற்கின்றன.

சரி, மேக்பெர்சன் செய்தது பித்தலாட்டமா? அவர் செத்தபிறகு ஹைலாண்ட் சங்கம் விசாரித்து 1805ல் அறிக்கை கொடுத்தது. கேலிக்கில் அந்தப் பாடல் மரபு உண்மையிலேயே இருந்தது, ஃபின்னும் ஆஸ்கரும் அதில் உண்டு, ஆனால் மேக்பெர்சன் அச்சடித்த வடிவில் எந்தக் காவியமும் கிடைக்கவில்லை, இடைவெளியை அவர் தன் கைச்சரக்கால் நிரப்பியிருக்கிறார் என்பதுதான் சாரம். என்னைக் கேட்டா, நிரப்பினது குற்றமில்லை. எந்தக் கதைசொல்லியும் நிரப்புவான். நிரப்பினதையும் பழசு என்று சொல்லி விற்றதுதான் தப்பு. விளைவு என்னவென்றால், அதற்கப்புறம் உண்மையான கேலிக் பாடல்களையே ரொம்ப நாள் எல்லாரும் சந்தேகத்தோடு பார்த்தார்கள்.

இருநூறு வருஷம் தாண்டி வருவோம். லாயிட் அலெக்சாண்டர் ஃபிலடெல்ஃபியாக்காரர். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் பட்டாளத்தில் சேர்ந்து, பயிற்சிக்காக வேல்ஸில் கொஞ்ச காலம் இருந்தார். அந்த மலையும் கோட்டையும் மனசில் தங்கிவிட்டன. 1964 முதல் 1968 வரை வருஷத்துக்கு ஒன்றாக ஐந்து நாவல்கள், ‘பிரைடெய்ன்’ தொடர். ஐந்தாவதான ‘தி ஹை கிங்’ 1969ல் நியூபெரி பதக்கம் வாங்கியது. மூலம், வேல்ஸின் ‘மாபினோகியன்’ கதைகள். 14ஆம் நூற்றாண்டு ஏடுகளில் இருந்தவை, 19ஆம் நூற்றாண்டில் சார்லட் கெஸ்ட் என்ற அம்மையார் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்.

கதாநாயகன் டாரன். உதவிப் பன்றி மேய்ப்பன். அப்படி ஒரு பதவியே கிடையாது, பையன் ஏங்குகிறானே என்று கொடுத்த பட்டம். அவன் மேய்க்கிற வெள்ளைப் பன்றி ஹென் வென் குறி சொல்லும். வாய் ஓயாத இளவரசி ஐலான்வி, பாதி மிருகம் பாதி மனுஷன் மாதிரி குர்கி. முதல் புத்தகத்தில் கத்தி தூக்க ஆசைப்படுகிற பையன், நாலாவதில் தன் அப்பா அம்மா யாரென்று தேடி ஊர் ஊராகப் போய்க் கொல்லனிடமும் நெசவாளியிடமும் குயவனிடமும் வேலை கற்கிறான். தொடரிலேயே சத்தம் கம்மியான புத்தகம் இதுதான், எனக்குப் பிடித்ததும் இதுதான். மூணு தொழிலிலும் ஓரளவு கை வருது, எதிலும் மேதையாக முடியலை. பதினைந்து வயசுப் பையனுக்கு இதைவிட உண்மையான செய்தியை யார் சொல்லப்போறாங்க?

மூலத்தை அலெக்சாண்டர் என்ன செய்தார்? தயவுதாட்சண்யமே இல்லாம மாத்தினார். மாபினோகியனில் அராவ்ன் பாதாள உலகத்து ராஜா, ஆனால் நல்லவன். மண்ணுலகத்துப் புயில் என்ற அரசனோடு ஒரு வருஷம் உருவத்தை மாற்றிக்கொண்டு இவன் நாட்டை அவன் ஆள, அவன் நாட்டை இவன் ஆள்கிறான். அந்த ஒரு வருஷமும் புயில் அராவ்னின் மனைவியைத் தொடவில்லை என்று தெரிந்ததும் நட்பு இறுகுகிறது. அருமையான கதை. அலெக்சாண்டர் கையில் இதே அராவ்ன் தொடர் முழுக்கப் பயமுறுத்துகிற மரணதேவன். நேர்மாறாக, மூலத்தில் க்விடியன் சூதும் மந்திரமும் தெரிந்த எத்தன், தம்பியின் ஆசைக்காக ஒரு பெண்ணுக்குப் பெருங்கேடு நடக்க வழி செய்து அதற்குத் தண்டனையாக மிருகமாகத் திரிகிறவன். பிரைடெய்னில் அவன் உத்தம இளவரசன்.

செத்தவர்களை எழுப்பும் கொப்பரை மூலத்திலேயே உண்டு. அதில் போட்டால் பிணம் எழுந்து சண்டை போடும், ஆனால் பேச வராது. எவ்னிசியன் என்பவன் பிணத்தோடு பிணமாகப் படுத்து உள்ளே போய்க் கைகாலை நீட்டி அதை உடைக்கிறான், அவன் நெஞ்சும் உடைந்துபோகிறது. அலெக்சாண்டர் இதில் ஒரே ஒரு விதியைச் சேர்த்தார். உயிருள்ளவன் ஒருவன் தெரிந்தே, தானாக விரும்பி உள்ளே இறங்கினால்தான் கொப்பரை உடையும். மூலத்தில் தந்திரமாக இருந்தது இங்கே முடிவெடுக்கிற பிரச்சினையாக மாறுது. யார் இறங்குகிறான் என்று சொல்ல மாட்டேன். டிஸ்னி 1985ல் இதைப் படமாக எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டது, அதைப் பார்த்துவிட்டு முடிவு பண்ணாதீங்க.

இவ்வளவும் மாற்றினவர் முதல் புத்தகத்தின் முன்குறிப்பிலேயே விஷயத்தை உடைச்சு சொல்லிட்டார். பிரைடெய்ன் வேல்ஸின் சாயலில் அமைந்த நாடு, ஆனால் அதன் வரைபடத்தை வைத்துக்கொண்டு வேல்ஸில் வழி தேடக் கூடாது என்கிற தோரணையில். கதைக்குள்ளேயும் ஒரு ஏற்பாடு இருக்கு. ஃப்ளூதர் ஃப்ளாம் என்ற பாணன் வைத்திருக்கும் யாழில், அவன் உண்மையைக் கொஞ்சம் நீட்டிச் சொன்னால் ஒரு நரம்பு பட்டென்று அறுந்துபோகும். மனுஷன் தொடர் முழுக்க நரம்பு கட்டிக்கொண்டே இருக்கிறான். மேக்பெர்சனுக்கு இந்த யாழைக் கொடுத்திருந்தால் நவாபின் சம்பளம் நரம்பு வாங்கவே சரியாப் போயிருக்கும்.

நம்ம பக்கத்துக் கூத்தில் இந்த வேலையைக் கட்டியக்காரன் செய்கிறான். திரௌபதியம்மன் திருவிழாவில் பதினெட்டாம் போர் நடக்கும்போது துரியோதனனைப் பார்த்து ரேஷன் கடை விஷயம் பேசுவான். இது பாரதத்தில் இல்லை என்று அங்கே உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும் தெரியும், தெரிந்துதான் சிரிக்கிறார்கள். மூலக்கதை ஊருக்கே தெரிந்திருக்கும்போது மாற்றத்துக்குக் குறிப்பு போட வேண்டாம். மூலம் யாருக்கும் தெரியாதபோதுதான் சிக்கல்.

அப்படி ஒரு சிக்கல்தான் இன்னொரு புள்ளலூர்ச் சண்டை, 7ஆம் நூற்றாண்டுடையது. காரைக்கால் பக்கம் காசாக்குடியில் கிடைத்த செப்பேடு இரண்டாம் நந்திவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில் எழுதப்பட்டது. முன்னோர் பெருமை சொல்லி வரும்போது, மகேந்திரவர்மன் புள்ளலூரில் தன் முக்கியப் பகைவர்களை அழித்தான் என்கிறது. அவ்வளவுதான். பகைவர் யார்? பேரில்லை. சண்டைக்கு நூறு வருஷத்துக்கும் மேலே கழித்து எழுதினது வேறு. எதிர்த்தரப்பில், புலிகேசியின் ஐஹொளே கல்வெட்டு, 634ஆம் ஆண்டினது, பல்லவனைக் காஞ்சி மதிலுக்குப் பின்னால் ஒளிய வைத்தோம் என்கிறது. இரண்டு பேரும் ஜெயித்ததாகச் சொல்கிறார்கள். புள்ளலூரில் தோற்றது புலிகேசிதான் என்று பல வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள், வேறு ஆட்களாக இருக்கலாம் என்பவர்களும் உண்டு.

கல்கி 1944 முதல் 1946 வரை தன் பத்திரிகையில் ‘சிவகாமியின் சபதம்’ எழுதியபோது இந்த முடிச்சை ஒரு நாவலாசிரியனுக்கே உரிய விதத்தில் அவிழ்த்தார். புலிகேசி தோற்கவும் கூடாது, ஏனென்றால் அவன் காஞ்சியை முற்றுகை போட வேண்டும். புள்ளலூரில் பல்லவர் ஜெயிக்காமலும் இருக்க முடியாது, செப்பேடு இருக்கு. ஆகவே பகைவனாகக் கங்கநாட்டு துர்விநீதனைக் கொண்டுவந்தார். ஜெயித்தது மகேந்திரர் இல்லை, மகன் மாமல்லர். துர்விநீதனைத் துரத்திக்கொண்டு போகிறவர் வெள்ளத்தில் மாட்டி, மண்டபப்பட்டில் சிவகாமியோடு சேர்கிறார். செப்பேட்டின் ஒரு வரி, ஒரு காதல் கதையின் திருப்பமாகிவிட்டது. இதோடு புலிகேசிக்கு அச்சாக அதே முகத்தில் நாகநந்தி என்ற பிக்ஷு, விஷம் தீண்டாத உடம்பு, ஆள் மாறாட்டம். அராவ்னும் புயிலும் உருவம் மாற்றிக்கொண்டதைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்த இரட்டையர்தான். சரித்திர நாவல் என்று அட்டையில் போட்டிருந்தாலும், பதினாலு வயசில் படிக்கிற பிள்ளைக்கு அது ஃபேண்டஸியாகத்தான் வேலை செய்கிறது. தமிழில் இளையோர் ஃபேண்டஸி என்று தனி வகை கிடையாது என்பவர்கள், அந்த வயசில் நாம் ஒளித்து வைத்துப் படித்தது என்ன என்று யோசித்துப் பார்க்கலாம்.

கல்கி மறைக்கவில்லை. மாமல்லபுரம் கடற்கரையில் ரசிகமணி டி.கே.சி.யோடு உட்கார்ந்திருந்தபோது தோன்றிய காட்சிகளிலிருந்து வந்த கதை என்று அவரே எழுதியிருக்கிறார். ஆனால் அலெக்சாண்டரைப் போலக் கற்பனை நாட்டுக்கு வேறு பெயர் வைக்கவில்லை. காஞ்சி காஞ்சியாகவே, புள்ளலூர் புள்ளலூராகவே இருக்கிறது. மாபினோகியன் கெஸ்ட் அம்மையார் புண்ணியத்தில் பக்கத்து அலமாரியிலேயே கிடைக்கும், ஒப்பிடலாம். காசாக்குடிச் செப்பேட்டை எத்தனை வீட்டில் வைத்திருக்கிறார்கள்? அதனால் புள்ளலூர் என்றதும் ‘மாமல்லர் துர்விநீதனை அடித்த இடம்’ என்று உறுதியாகச் சொல்கிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். நரம்பு அறுந்த சத்தம் அவங்களுக்குக் கேட்கவே இல்லை.

கொங்குநாட்டு அண்ணன்மார் கதைக்கு வேறு மாதிரி அதிர்ஷ்டம். கனடா மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1965ல் அதைப் பாடகர் வாயிலிருந்து பதிவு செய்தார், பின்னாளில் அவரே 26 பகுதி அனிமேஷன் தொடராக்கினார். கருணாநிதியின் ‘பொன்னர் சங்கர்’ நாவல் தனி, 2011ல் வந்த படம் தனி. ஆனால் உடுக்கடிப் பாட்டாக மூலம் இன்னமும் ஊரில் உயிரோடு இருப்பதால் எது யார் சேர்த்தது என்று கேட்க ஆள் இருக்கு. புள்ளலூருக்கு அந்த ஆள் இல்லை.

இதில் பாவம் துர்விநீதன்தான். நாவலில் காஞ்சிமேல் கண்வைத்து வந்து அடி வாங்கி ஓடுகிறவன். நிஜ துர்விநீதன் யார்? பல வரலாற்றாசிரியர்கள் அவன் காலத்தை 6ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். அப்படியானால் புலிகேசி வரும்போது அவன் உயிரோடு இருந்தானா என்பதே சந்தேகம். கங்கர் சாசனங்கள் அவனைப் பண்டிதன் என்கின்றன. பாரவியின் ‘கிராதார்ஜுனீய’த்தில் படுகடினமான 15ஆம் சருக்கத்துக்கு உரை எழுதினவன். பைசாச மொழியில் இருந்த ‘பிருகத்கதை’யை சமஸ்கிருதத்தில் கொண்டுவந்தவன். வேதாளமும் வித்யாதரரும் பறக்கும் யந்திரமும் நிறைந்த, இந்தியாவின் ஃபேண்டஸிகளுக்கெல்லாம் தாய்வீடான புத்தகம் அது. அராவ்னுக்கு நடந்ததுதான் இவனுக்கும் நடந்திருக்கிறது.

அந்த பிருகத்கதை பிறந்த கதையையே ஒரு தொடராக எழுதலாம். குணாட்டியர் ஏழு லட்சம் சுலோகங்களைத் தன் ரத்தத்தால் எழுதி அரசனுக்கு அனுப்புகிறார். பேய் மொழியில் எழுதினது வேண்டாம் என்று அரசன் தள்ளிவிடுகிறான். குணாட்டியர் காட்டில் தீ மூட்டி, ஒவ்வொரு ஏடாகப் படித்துப் படித்து நெருப்பில் போடுகிறார். மிருகங்கள் மேய்வதை விட்டுவிட்டு அழுதுகொண்டே கேட்கின்றன. அரண்மனையில் சமைக்கிற கறி சாரமில்லாமல் போகவே, என்ன சமாச்சாரம் என்று வேடரை விசாரித்து அரசன் காட்டுக்கு ஓடிவருகிறான். மிச்சம் ஒரு லட்சம்தான். அந்த மிச்சம் துர்விநீதன் வழியாக வந்து, தமிழில் கொங்குவேளிரின் ‘பெருங்கதை’ ஆனது என்று கருதுவோர் உண்டு. உ.வே.சா. 1924ல் அதைப் பதிப்பித்தார். கிடைத்த ஏட்டில் ஆரம்பமும் இல்லை, முடிவும் இல்லை.